40 செ.மீ. டெலஸ்கோப்புக்கு ஐஎஃப்எஸ்: நம்ம நெல்லைச் சீமையிலயே டிசைன் பண்ணி செய்யுறதுக்கு முழு வழிகாட்டி

ஒரு நெபுலாவ, அதாவது வானத்துல இருக்குற வாயு மேகத்த, கேமரா வச்சு எடுத்தா படம் கெடைக்கும், சாதா ஸ்பெக்ட்ரோகிராஃப் வச்சு எடுத்தா ஒரு மெல்லிசான பிளவுக்குள்ள விழுந்த இடத்தோட நிறமாலை மட்டும் கெடைக்கும். படத்துல இருக்குற ஒவ்வொரு புள்ளிக்கும் தனித்தனி நிறமாலை, அதுவும் ஒரே எக்ஸ்போஷர்ல வேணும்னா அதுக்குத்தான் இன்டெக்ரல் ஃபீல்டு ஸ்பெக்ட்ரோகிராஃப், இனிமே ஐஎஃப்எஸ்னே சொல்லுதேன். கடைசில கையில வர்றது ஒரு டேட்டா கியூப், ரெண்டு பக்கம் வானத்துல இடம், மூணாவது பக்கம் அலைநீளம்.

இத பெரிய அப்சர்வேட்டரிக்காரங்க மட்டுந்தான் செய்ய முடியும்னு இல்ல. ஒரு காலேஜ் பிசிக்ஸ் டிபார்ட்மென்ட்டு, 40 செ.மீ. டெலஸ்கோப்பு, பேட்டை பக்கம் நல்ல லேத்து பட்டறை ஒண்ணு, ஃபைபர் கேபிள் வேல தெரிஞ்ச ஒரு அண்ணாச்சி, இவ்வளவு இருந்தா இங்கனயே ஒண்ணு செஞ்சிரலாம். அந்த அளவுக்கான டிசைன நம்பரோட, எந்த முடிவுக்கு அப்புறம் எந்த முடிவுன்னு வரிசையா எழுதிருக்கேன். நிறைய பேரு முதல்ல லென்ஸும் கேமராவும் வாங்கிட்டு அப்புறமா கணக்குப் போட உக்காருதாங்க, அது தலைகீழ். வானத்துல ஆரம்பிச்சு சென்சார்ல முடிக்கணும், லென்ஸ் முடிவு எல்லாத்துக்கும் கடைசி.

நம்ம ஊருக்குன்னு ஒரு பெரிய லாபம் இருக்கு, அதையும் முதல்லயே சொல்லிருதேன். திருநெல்வேலி கிட்டத்தட்ட 8.7 டிகிரி வடக்குல இருக்கு. தெக்கு வானத்துல இருக்குற கரினா நெபுலா நமக்கு உச்சிக்கு வரும்போது அடிவானத்துக்கு மேல 21 டிகிரிக்கு ஏறிரும், நைனிடால் பக்கத்துல தேவஸ்தல்ல 3.6 மீட்டர் டெலஸ்கோப் வச்சிருக்காங்கல்லா, அங்க அது அடிவானத்த ஒட்டி ஒரு டிகிரிதான் வரும். ஓரியன் நெபுலா நமக்கு தலைக்கு மேல, 76 டிகிரி. வடக்க இருக்குறவங்களுக்குக் கெடைக்காத பொருள் நமக்கு இருக்குங்குறத மனசுல வச்சே டிசைன் பண்ணுவோம்.

மூணு வழி இருக்கு, நமக்கு எது

வானத்துப் படத்த வெட்டி நிறமாலையாக்க மூணு முறை உண்டு. ஒண்ணு, சின்னச் சின்ன லென்ஸு நெருக்கமா இருக்குற தகட்ட ஃபோகஸ்ல வைக்கிறது, 1987ல ஹவாய்ல கனடா-பிரான்ஸ்-ஹவாய் டெலஸ்கோப்ல டைகர்ங்குற கருவி இப்படித்தான் வந்துச்சு. ரெண்டு, படத்த கண்ணாடித் துண்டுகளால கீத்து கீத்தா வெட்டி வரிசையா அடுக்குற இமேஜ் ஸ்லைசர். சிலியில விஎல்டிங்குற பெரிய டெலஸ்கோப்ல இருக்குற மியூஸ் இந்த வகை, 1 ஆர்க்மினிட்டுக்கு 1 ஆர்க்மினிட் (ஒரு டிகிரில 60ல ஒரு பங்கு ஆர்க்மினிட், அதுல 60ல ஒரு பங்கு ஆர்க்செகண்ட்) வானத்த 24 பங்காப் பிரிச்சு ஒவ்வொரு பங்கையும் 48 கீத்தா வெட்டி 24 ஸ்பெக்ட்ரோகிராஃபுக்கு அனுப்புது, ஒரே எக்ஸ்போஷர்ல 90,000 நிறமாலை. மூணு, ஃபைபர் கட்டு. ஃபோகஸ்ல ஃபைபர் எல்லாம் கட்டா நிக்கும், மறுமுனையில அதே ஃபைபர் எல்லாம் ஒரே வரிசையா நிக்கும், பத்தமடையில பாய்க்கு கோரைக் கட்ட அவுத்து ஒண்ணொண்ணா அடுக்குறாங்கல்லா, அதேதான். அந்த வரிசைதான் ஸ்பெக்ட்ரோகிராஃபுக்கு பிளவு.

ஸ்லைசர் செய்ய வைரமுனை வச்சு கண்ணாடி செதுக்குற மெஷின் வேணும். மைக்ரோலென்ஸ் வழில நிறமாலை எல்லாம் ஒண்ணுக்கொண்ணு இடிச்சிக்கிடும், நீளமா எடுக்க முடியாது. நமக்கு ஃபைபர்தான் சரி, அதுல எனக்கு சந்தேகமே இல்ல. ஸ்பெக்ட்ரோகிராஃப் பெட்டிய டெலஸ்கோப்ல தொங்கவிடாம கீழ மேஜையில அசையாம வச்சிக்கிடலாம், சின்ன டெலஸ்கோப்புக்கு இது ரொம்பப் பெரிய விஷயம். ஸ்பெயின்ல காலார் ஆல்ட்டோ அப்சர்வேட்டரில இருக்குற பிபேக்ங்குற கருவி 331 ஃபைபர்ல இப்படித்தான் வேல செய்யுது. புனேல இருக்குற ஐயூக்கா வானியல் மையம் தேவஸ்தலுக்காகச் செய்யுற டாட்டிஃப்ஸ்ங்குற கருவில மைக்ரோலென்ஸும் ஃபைபரும் சேந்து 144 ஃபைபர் கொண்ட 16 கட்டு, மொத்தம் 2304 ஃபைபர், எட்டு ஸ்பெக்ட்ரோகிராஃப்.

கேள்விய முதல்ல எழுதுங்க

"எல்லாத்தையும் பாக்கணும்"னு ஆரம்பிச்சா டிசைன் முடியவே முடியாது. ஒரே ஒரு கேள்விய பேப்பர்ல எழுதி சுவத்துல ஒட்டுங்க. நான் எடுத்துக்கிட்டது இது: ஓரியன், கரினா மாதிரி பளிச்சுனு இருக்குற நெபுலாக்கள்ல வாயு அடர்த்தியும் தூசி மறைப்பும் இடத்துக்கு இடம் எப்படி மாறுது?

இந்த ஒரு வாக்கியத்துல இருந்து பாதி ஸ்பெக் தானா விழுந்துரும். வாயு அடர்த்திக்கு கந்தக அயனியோட ரெண்டு கோடு, 6716, 6731 ஆங்ஸ்ட்ரோம் (10 ஆங்ஸ்ட்ரோம் ஒரு நானோமீட்டர்). அடர்த்தி கம்மியா இருந்தா முதல் கோடு ரெண்டாவதப் போல 1.4 மடங்கு இருக்கும், அடர்த்தி ஏற ஏற அந்த விகிதம் எறங்கி 0.45 கிட்ட போய் நின்னுரும். தூசிக்கு ஹைட்ரஜனோட கோடுங்க, ஹெச்-ஆல்ஃபா 6563, ஹெச்-பீட்டா 4861 ரெண்டோட விகிதம், தூசியே இல்லன்னா 10,000 டிகிரி வாயுல அது 2.86, தூசி இருந்தா கூடும். நடுவுல ஆக்சிஜன் 4959, 5007ம் சேத்தே கெடைச்சிரும். ஆக வேண்டிய வீச்சு 4800ல இருந்து 6800 ஆங்ஸ்ட்ரோம் வரைக்கும், 2000 ஆங்ஸ்ட்ரோம்.

பிரிதிறன்? கந்தகக் கோடு ரெண்டுக்கும் இடைவெளி 14.4 ஆங்ஸ்ட்ரோம், ஹெச்-ஆல்ஃபாக்கும் 6548 நைட்ரஜனுக்கும் கிட்டத்தட்ட அதே. கோட்டோட அகலம் 5, 5.5 ஆங்ஸ்ட்ரோம் இருந்தா சுத்தமா பிரியும். 11 ஆச்சுன்னா ரெண்டும் ஒட்டிக்கிடும், விகிதத்த நம்ப முடியாது. அதனால 5.5ன்னு எழுதிக்கிடுங்க, அதுக்கு மேல ஆசப்படாதீங்க. பிரிதிறன ரெண்டு மடங்காக்கினா ஒண்ணு வீச்சு பாதியாகும் இல்லன்னா சென்சார் ரெண்டு மடங்கு பெருசா வேணும், சும்மா வராது.

ஒரு ஃபைபர் எவ்வளவு வானம் பாக்கும்

டெலஸ்கோப் 40 செ.மீ. எஃப்/4.5 நியூட்டோனியன்னு வச்சிக்கிடுவோம், அதாவது குவிய தூரம் விட்டத்தப் போல 4.5 மடங்கு, 1800 மி.மீ. 206265ஐ 1800ஆல வகுத்தா ஒரு மி.மீ.க்கு 114.6 ஆர்க்செகண்ட். கோர் (ஒளி போற நடுப்பகுதி) 105 மைக்ரான் உள்ள ஃபைபர் அப்ப 12 ஆர்க்செகண்ட் வானத்தப் பாக்கும். பெருசா இருக்கேன்னு தோணும், ஆனா ஓரியன் நெபுலாவோட பளிச்சுனு இருக்குற பகுதியே பல ஆர்க்மினிட் விரிஞ்சிருக்கு, அதுக்கு இது தாராளம். சீயிங், அதாவது காத்து அலைச்சல்ல நட்சத்திரம் கலங்குற அளவு, 3 ஆர்க்செகண்ட் ஆனாலும் கெடுதல் இல்ல, வளிமண்டலம் நீலத்தையும் சிவப்பையும் வேற வேற அளவு வளைக்குற பிரச்சினையும் 12 ஆர்க்செகண்டுக்குள்ள அடங்கிரும். மியூஸ் மாதிரி 0.2 ஆர்க்செகண்ட் பாக்குறவங்களுக்குத்தான் அது தலைவலி.

எஃப்/8, எஃப்/10 டெலஸ்கோப் வச்சிருக்கவங்க அப்படியே ஃபைபர்ல விடாதீங்க, ரெட்யூசர் லென்ஸ் போட்டு எஃப்/4, எஃப்/5க்கு கொண்டாங்க. ஃபைபருக்கு ஒரு குணம், மெதுவான, அதாவது எஃப் நம்பர் பெருசா இருக்குற ஒல்லி ஒளிக்கூம்ப உள்ள விட்டா வெளிய வரும்போது விரிச்சு விட்டுரும். எஃப்/8ல போனது எஃப்/5ஆ வெளிய வந்தா அதுக்குத் தக்கன கொலிமேட்டர் (ஒளிய இணையாக்குற லென்ஸ்) பெருசாகும், கிரேட்டிங் (ஒளிய நிறமாப் பிரிக்குற தகடு) பெருசாகும், இல்லன்னா ஒளி வீணாகும். எஃப்/4.5ல விட்டா நல்லா செஞ்ச ஃபைபர் எஃப்/4 கிட்டதான் வெளிய விடும். மத்ததுக்கெல்லாம் இந்த எஃப்/4தான் அடிப்படை.

எஃப்/4.5 நியூட்டோனியன்ல கோமா (ஓரத்து நட்சத்திரம் வால் மாதிரி இழுபடுறது) வருமேன்னு கேப்பீங்க. வரும், ஆனா நம்ம கட்டு நட்டநடுவுல ரெண்டு ஆர்க்மினிட்டுதான், ஓரத்துல கூட கோமா 0.6 ஆர்க்செகண்டுதான் வருது, கரெக்டர் வேண்டாம்.

எத்தன ஃபைபர்? அறுகோணமா அடுக்கினா 1, 7, 19, 37, 61, 91ன்னு போகும். 61 எடுத்துக்கிடுவோம், குறுக்க 9 ஃபைபர். கோரச் சுத்தி இருக்குற கிளாடிங்கோட ஒவ்வொண்ணும் 125 மைக்ரான், ஆக 1.125 மி.மீ., வானத்துல 129 ஆர்க்செகண்ட். 61ன்னு ஏன் நிறுத்துதேன்னா பிளவுப் பக்கம் 64ங்குற நம்பர் ஒண்ணு காத்துட்டு இருக்கு, கீழ வருது.

ஃபைபர் கட்டு, இங்கதான் பொறும வேணும்

முதல்ல எந்த ஃபைபர்னு தெளிவாயிக்கிடுங்க. வீட்டுக்கு இன்டர்நெட் கொண்டு வர்ற ஃபைபர்ல கோர் 9 மைக்ரான்தான், நம்ம டெலஸ்கோப்ல அது ஒரு ஆர்க்செகண்ட், ஒளியே உள்ள போகாது, ஊர்ல சுருள் சுருளா கெடக்கேன்னு எடுத்துராதீங்க. நமக்கு வேண்டியது 105/125 மல்டிமோடு, என்ஏ (ஃபைபர் வாங்குற ஒளிக்கூம்போட அளவு) 0.22. ஆனா வெளிவிட்டம் ரெண்டுக்கும் அதே 125 மைக்ரான், அதனால கேபிள் அண்ணாச்சி கையில இருக்குற ஸ்ட்ரிப்பரு, கிளீவரு, சிவப்பு லேசர் பேனா எல்லாமே நமக்கு அப்படியே உதவும். அவங்க கை வேகமும் சுத்தமும் லேப் ஆளுங்களுக்கு வராது, கூட ஒரு ஆள வச்சிக்கிடுங்க, மரியாதையா சம்பளம் குடுத்து.

ஃபைபர் மேல 250 மைக்ரானுக்கு ஒரு பிளாஸ்டிக் கோட்டிங் இருக்கும். அதோட அடுக்கினா கட்டோட பரப்புல 16 சதவீதம்தான் ஒளி வாங்கும், முனையில கோட்டிங்க உரிச்சிட்டு அடுக்கினா 64 சதவீதம். நாலு மடங்கு வித்தியாசம், உரிச்சே ஆகணும். மிச்சம் 36 சதவீத ஓட்டைய எப்படி அடைக்கிறது? டெலஸ்கோப்ப அரை ஃபைபர் தள்ளித் தள்ளி மூணு இடத்துல வச்சு எடுத்துச் சேத்தா அடைஞ்சிரும், பிபேக்ல காலிஃபாங்குற கேலக்ஸி சர்வே முழுக்க இப்படி மூணு மூணாத்தான் எடுத்தாங்க.

செய்முறை இது. ஒவ்வொரு ஃபைபரும் 5 மீட்டர், முனையில 30 மி.மீ. உரிச்சு, ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் நனைச்ச துணியில தொடச்சு, உள்விட்டம் 1.15 மி.மீ. கிட்ட வர்ற எஃகுக் குழாய்க்குள்ள ஒண்ணொண்ணா ஏத்தணும். உரிச்ச ஃபைபர்ல வெறுங்கை படக்கூடாது, கையில இருக்குற உப்பும் ஈரமும் கண்ணுக்குத் தெரியாத கீறலாக்கும், ஏத்தும்போது படக்குனு ஒடியும். நம்ம ஊர் வேர்வைக்கு இந்த வேலைய காலைல ஏசி ரூம்ல கிளவுஸ் போட்டு செய்யுறதுதான் புத்தி. அப்புறம் எப்போ-டெக் 301-2 மாதிரி சுருக்கம் கம்மியான, தண்ணி மாதிரி ஓடுற எப்பாக்ஸிய குழாயோட ஒரு முனையில ஒரு சொட்டு வச்சா அதுவே இடுக்குக்குள்ள ஏறிக்கிடும். சீக்கிரம் இறுகட்டும்னு சூடு காட்டாதீங்க, ரூம் வெப்பத்துலயே ரெண்டு மூணு நாள் கெடக்கட்டும். சூட்டுல இறுகி ஆறும்போது பசை ஃபைபர நெருக்கும், நெருக்குன ஃபைபர் ஒளிய விரிக்கும், எஃப்/4ன்னு நாம போட்ட கணக்கு அங்கயே போச்சு.

பாலிஷ்: 30, 9, 3, 1, 0.3 மைக்ரான் லேப்பிங் ஃபிலிம், இந்த வரிசையில. ஒண்ணுல இருந்து அடுத்ததுக்குப் போகும்போது முனையையும் பிடிப்பானையும் கழுவாம போனீங்கன்னா முந்தின துகள் ஒண்ணு கூட வந்து மொத்தத்தையும் கீறிரும். ஒவ்வொரு படியிலயும் மைக்ராஸ்கோப்ல 200 மடங்குல பாருங்க, முந்தின படி கீறல் ஒண்ணு மிச்சம் இருந்தாலும் அடுத்ததுக்குப் போகாதீங்க.

இப்ப ஒரு டெஸ்ட், இத விட்டுறவே கூடாது. ஃபைபருக்குள்ள எஃப்/4.5 கூம்ப விட்டு மறுமுனையில இருந்து சரியா 100 மி.மீ. தள்ளி ஒரு வெள்ள அட்டைய வைங்க. வட்டம் 22 மி.மீ. இருந்தா ஃபைபர் எதையும் விரிக்கல. 25 மி.மீ.ன்னா எஃப்/4, நம்ம டிசைனுக்குள்ள இருக்கு. 30 மி.மீ. வந்துச்சுன்னா எங்கயோ நெருக்கம், பசையா இருக்கும், இல்லன்னா டியூப் வாசல்ல மடங்கிருக்கும். வட்டத்தோட ஓரம் எவ்வளவு கூர்மையா இருக்குன்னும் பாருங்க, மங்கி மங்கிப் போனா அதுவும் விரிச்சல்தான். எல்லா ஃபைபருக்கும் அளந்து நோட்டுல எழுதி வைங்க. வளைவு ஆரம் எங்கயும் 50 மி.மீ.க்கு கீழ போகாம, கேபிள் குழாய்க்குள்ள தளதளன்னு விடுங்க, இறுக்கிக் கட்டாதீங்க.

பிளவு: 64 ஏன்

மறுமுனையில ஃபைபர் எல்லாம் ஒரே கோட்டுல, ஒரே திசையப் பாத்து நிக்கணும். இதுக்கு டெலிகாம்காரங்க பயன்படுத்துற வி-குரூவ் பிளாக் ரெடிமேடா வருது, 250 மைக்ரானுக்கு ஒரு பள்ளம், 64 பள்ளம் வரைக்கும். நம்ம 61 போக மிச்சம் மூணு பள்ளம், அந்த மூணும் வானத்து ஃபைபர். நெபுலாவ விட்டுத் தள்ளி வெறும் வானத்தப் பாக்குறதுக்கு. இது இல்லாம பின்னணிய கழிக்க முடியாது, பிபேக்ல இதுக்குன்னே 36 ஃபைபர் ஒதுக்கியிருக்காங்க. ஓரியன் மாதிரி பெரிய பொருளுக்கு அந்த மூணும் போதுற அளவு தள்ளி இருக்காது, அப்ப டெலஸ்கோப்பையே ஒரு டிகிரி நகட்டி வெறும் வானம் தனியா எடுக்கணும்.

அடுக்குற வரிசை முக்கியம். வானத்துல பக்கத்துல இருக்குற ஃபைபர் பிளவுலயும் பக்கத்துலயே வர்ற மாதிரி பாம்பு வளைவா போங்க, ஒண்ணோட ஒளி அடுத்ததுல கசிஞ்சாலும் அது பக்கத்து வானம்தான், பெரிய சேதம் இல்ல. ஒட்டி முடிச்சதும் பிளவுப் பக்கம் இருந்து அந்த சிவப்பு லேசர் பேனாவால ஒண்ணொண்ணா ஒளி விட்டு, கட்டுப் பக்கம் மைக்ராஸ்கோப் கேமராவுல எது எரியுதுன்னு படம் எடுத்து டேபிள் போடுங்க, கண்ண வச்சு நேரா பாக்காதீங்க, கேமராதான். இந்த டேபிள் இல்லாம கியூப் கெடையாது.

கிரேட்டிங், அப்புறமா லென்ஸு

இப்பதான் லென்ஸுக்கு வாறோம். கொலிமேட்டர் 135 மி.மீ. எஃப்/2.8, எஃப்/4 கூம்பு வந்தா கற்றை 33.75 மி.மீ. விட்டம். கேமரா லென்ஸ் 85 மி.மீ. எஃப்/1.8. ரெண்டும் பழைய மேனுவல் ஃபோட்டோ லென்ஸ் போதும், சொல்லப்போனா ஆட்டோஃபோகஸ் லென்ஸ விட நல்லது, ஃபோகஸ் வளையத்த திருகு போட்டு பூட்டிரலாம். 85ஐ 135ஆல வகுத்தா 0.63, அதாவது 105 மைக்ரான் ஃபைபர் சென்சார்ல 66 மைக்ரானா விழும். அவ்வளவு பெரிய புள்ளில லென்ஸோட 10, 15 மைக்ரான் பிழை தெரியவே தெரியாது, விலையுயர்ந்த லென்ஸ் இங்க வேண்டவே வேண்டாம்.

கிரேட்டிங் 1200 கோடு/மி.மீ. விபிஹெச், ஒளிய ஊடுருவ விடுற வகை, 50 மி.மீ. அளவு. நடு அலைநீளம் 5800க்கு உள்ள போற கோணமும் வெளிய வர்ற கோணமும் 20.4 டிகிரி, ஆக கொலிமேட்டருக்கும் கேமராவுக்கும் நடுவுல 41 டிகிரி மடக்கு. கணக்குப் பாப்போம்: கோட்டு இடைவெளி 8333 ஆங்ஸ்ட்ரோம், கொசைன் 0.937, பிளவோட கோணம் 0.105/135. பெருக்கினா 6.1 ஆங்ஸ்ட்ரோம், ஃபைபர் வட்டமா இருக்குறதால பாதி உயரத்து அகலம் அதுல 0.87 பங்கு, 5.3 ஆங்ஸ்ட்ரோம். சுவத்துல ஒட்டுன 5.5க்குள்ள வந்தாச்சு. 600 கோடு கிரேட்டிங்குக்கு இதே கணக்கப் போட்டா 11 வருது, அதான் வேண்டாம்ங்கேன்.

சென்சார்ல ஒரு மி.மீ.க்கு 92 ஆங்ஸ்ட்ரோம். சோனி ஐஎம்எக்ஸ் 571 மோனோ சென்சார் 23.5க்கு 15.7 மி.மீ., 6248க்கு 4176 பிக்சல், ஒவ்வொண்ணும் 3.76 மைக்ரான். நீளவாக்குல 2160 ஆங்ஸ்ட்ரோம் புடிக்கும், நமக்கு வேண்டியது 2000. குறுக்குவாக்குல பிளவு 15.75 மி.மீ. சுருங்கி 9.9 மி.மீ. ஆகுது, அதுவும் உள்ள அடங்குது. ஒரு நிறமாலைக்கும் அடுத்ததுக்கும் 42 பிக்சல், அதுல ஃபைபர் 18 பிக்சல், நடுவுல 24 பிக்சல் வெத்திடம், கசிவு ரொம்பக் கம்மி. வீச்சு ரெண்டு மடங்குக்குள்ள இருக்குறதால ரெண்டாம் ஆர்டர் (பாதி அலைநீளத்து ஒளி) வந்து மேல விழுற பிரச்சினையும் இல்ல, 6800 மேல விழ வேண்டியது 3400, அத லென்ஸ் கண்ணாடியே தின்னுரும்.

ஒரு இடத்துல மட்டும் கவனம். வி-குரூவ்ல ஃபைபர் எல்லாம் இணையா நிக்குறதால எல்லா கற்றையும் கொலிமேட்டரத் தாண்டினதும் ஒரு இடத்துல வந்து ஒண்ணையொண்ணு குறுக்க கடக்கும், கிரேட்டிங் அங்கதான் நிக்கணும். எங்கன்னு கணக்குப் போட்டு மண்டைய உடைக்க வேண்டாம், பிளவோட ரெண்டு கடைசி ஃபைபருக்கும் ஒளி விட்டு ஒரு டிரேசிங் பேப்பர முன்ன பின்ன நகட்டினா ரெண்டு வட்டமும் ஒண்ணா விழுற இடம் தெரிஞ்சிரும். கேமரா லென்ஸ கிரேட்டிங்குக்கு எவ்வளவு பக்கத்துல கொண்டு வர முடியுமோ அவ்வளவு பக்கத்துல வைங்க. நிறம் ரெண்டு ஓரத்துக்கும் 7 டிகிரி விரியுது, கேமரா லென்ஸோட உள்வாசல் 80 மி.மீ. தள்ளி இருந்தா ஓர நிறம் 10 மி.மீ. விலகி லென்ஸ் விளிம்புல வெட்டுப்படும், ஹெச்-பீட்டாவும் கந்தகமும் ரெண்டு ஓரத்துலதான் இருக்கு, நமக்கு வேண்டிய கோடே மங்கிரும்.

ஒளிக் கணக்கு

வளிமண்டலம் 0.8, ரெண்டு கண்ணாடி 0.77, ஃபைபர் 0.85, கொலிமேட்டர் 0.9, கிரேட்டிங் 0.75, கேமரா லென்ஸ் 0.9, சென்சார் 0.8. எல்லாத்தையும் பெருக்கினா 25 சதவீதம். டிசைன்ல 15ன்னே வச்சிக்கிடுங்க, தூசியும் ஓர வெட்டும் தன் பங்கக் கேக்கும்.

இருட்டு வானம் ஒரு சதுர ஆர்க்செகண்டுக்கு 21 மேக்னிட்யூடுன்னு (பளிச்சு அளவு, நம்பர் கூடக் கூட மங்கல்) வச்சா, நம்ம ஒரு ஃபைபர்ல ஒரு கோட்டு அகலத்துக்கு விநாடிக்கு 0.38 எலக்ட்ரான், 10 நிமிஷத்துல 230. அதோட இரைச்சல் 15. ஆனா அந்த ஒரு கோட்டு அகலம் சென்சார்ல 15க்கு 18, 270 பிக்சல்ல பரவியிருக்கு, சென்சாரப் படிக்கும்போது வர்ற இரைச்சல், அதாவது ரீட் நாய்ஸ், பிக்சலுக்கு 1.5 எலக்ட்ரான்னா சேந்து 25. அதாவது வானத்த விட சென்சாரே கூட இரைச்சல் போடுது! இந்த சிமாஸ் வகை சென்சார்ல பின்னிங் பண்ணினாலும், அதாவது பக்கத்துப் பிக்சல எல்லாம் ஒண்ணாச் சேத்தாலும், இது குறையாது, படிச்சதுக்கு அப்புறம்தான் கூட்டுது. வழி என்னன்னா ஒவ்வொரு எக்ஸ்போஷரையும் 30 நிமிஷமாக்கணும், அப்ப வானத்து இரைச்சல் 26, ரெண்டும் சமமாகும். அஞ்சு அஞ்சு நிமிஷமா நிறைய எடுத்து அடுக்குற ஃபோட்டோகிராஃபி பழக்கம் மங்கலான பொருளுக்கு இங்க நஷ்டம்.

கேமரா லென்ஸ 50 மி.மீ. ஆக்கினா பிக்சல் எண்ணிக்கை மூணுல ஒரு பங்காகி ரீட் நாய்ஸ் 15க்கு எறங்கும், ஆனா அது எஃப்/1.5ல திறந்து வேல செய்யணும், அப்படி ஓரம் வரைக்கும் கூர்மையா இருக்குற லென்ஸு விலை வேற. நம்ம பொருள் பளிச்சுனு இருக்குற நெபுலா, 85லயே நிக்கலாம்ங்குறது என் முடிவு. மங்கலான கேலக்ஸி பாக்கப் போறவங்க 50க்குப் போங்க.

பெட்டி, இடம், காலம்

12 மி.மீ. அலுமினியத் தகடு, மேல எல்லாத்தையும் பூட்டி, உள்ள மேட் கறுப்பு, இண்டு இடுக்கெல்லாம் கறுப்பு டேப். 300 மி.மீ. அலுமினியம் 5 டிகிரி மாறினா 35 மைக்ரான் நீளும், ஃபோகஸுக்கு அது பெருசில்ல, ஆனா கோடு ஒரு பிக்சல் நகந்தா ஹெச்-ஆல்ஃபாவுல விநாடிக்கு 16 கி.மீ. வேகம் மாறின மாதிரி காட்டும். பகல்ல ஓட்டுக்கட்டடம் குடிச்ச வெக்கை ராத்திரி ஒரு மணி வரைக்கும் வடிஞ்சிக்கிட்டே இருக்கும், அதனால பெட்டிக்கு தெர்மோகோல் கூடு போட்டு, சாயங்காலமே கேமரா கூலிங்க ஆன் பண்ணி வைங்க.

இடம்னு பாத்தா கடக்கரை ஓரம் வேண்டாம், உப்புக் காத்து கண்ணாடிப் பூச்ச அரிச்சிரும், தேரிக்காட்டு செம்மண்ணும் பறக்கும். களக்காடு, பாபநாசம் அடிவாரத்து ஊர்கள்ல இருட்டு நல்லா இருக்கு, மலைக்குள்ள புலிகள் காப்பகம், அங்க ராத்திரி தங்க நினைக்காதீங்க. ஆனி ஆடியில கணவாய் காத்து டெலஸ்கோப்ப ஆட்டிரும், மலைக்கு மேல மேகமும் நிக்கும், ஐப்பசி கார்த்திகை மழை. தை பொறந்து பங்குனி வரைக்கும்தான் நமக்கு சீசன், நல்லவேளையா ஓரியன் தை மாசி சாயங்காலத்துலயும் கரினா மாசி பங்குனி ராத்திரியிலயும் உச்சிக்கு வருது.

குறி பாக்குறதுக்கு: கட்ட ஒரு சாய்ஞ்ச கண்ணாடியோட நடு ஓட்டையில நிறுத்தி, சுத்தி விழுற வானத்த கைடு கேமராவுக்குத் திருப்புங்க. பிளவுப் பக்கம் இருந்து ஒளி விட்டா கட்டு எங்க நிக்குதுன்னு தெரியும், அந்த இடத்த ஸ்கிரீன்ல குறிச்சிக்கிடுங்க. கைடிங் 2 ஆர்க்செகண்டுக்குள்ள நின்னா போதும்.

கேலிப்ரேஷன்

அலைநீளத்துக்கு விளக்கு வெளிய தேட வேண்டாம். டெஸ்டர் ஸ்குரூடிரைவருக்குள்ள இருக்குற குட்டி பல்பு நியான், 5852, 6143, 6402, 6507ன்னு சிவப்புப் பக்கம் வரிசையா கோடு குடுக்கும். காலேஜ் லேப்ல இருக்குற மெர்க்குரி விளக்கு 5461, 5770, 5791. நீலப் பக்கம் காலியா இருக்கும், அதுக்கு அதே லேப்ல ஹீலியம் டிஸ்சார்ஜ் டியூப் இருந்தா 4922, 5016, 5876, 6678. இந்த மூணையும் சேத்தா வீச்சு முழுக்க மூடிரும். பிளவோட ஓரத்துல கோடு வில்லா வளையும், பயப்பட வேண்டாம், ஒவ்வொரு ஃபைபருக்கும் தனித்தனியா அலைநீளம் பொருத்துறதால அது தன்னால சரியாகும்.

மணிக்கு ஒருக்க விளக்கு எடுங்க. அதுக்கு நடுவுல வானமே ஒரு விளக்கு வச்சிருக்கு, 5577, 6300ல காத்து மண்டலத்து ஆக்சிஜன் ஒளிரும், கிருஷ்ணாபுரத்துல இருக்குற பூமத்திய ரேகை புவி இயற்பியல் ஆய்வகத்துல இந்த ஒளியப் பத்தி ஆராய்ச்சி நடக்குது. நமக்கு அது ஒவ்வொரு எக்ஸ்போஷர்லயும் இலவசமா வர்ற அளவுகோல், 5577 நகந்திருந்தா பெட்டி நகந்திருக்குன்னு அர்த்தம்.

ஃபைபருக்கு ஃபைபர் ஒளி கடத்துறது மாறும், அதுக்கு அந்தி வானம் எடுங்க, கட்டு முழுக்க ஒரே சீரா ஒளி விழும். ஹாலஜன் விளக்கு வெள்ளத்திரையில அடிச்சு எடுக்குறது ஒவ்வொரு நிறமாலையும் சென்சார்ல எந்தப் பாதையில ஓடுதுன்னு புடிக்க. கடைசியா தரம் தெரிஞ்ச ஸ்டாண்டர்டு நட்சத்திரம் ஒண்ணு, ஹெச்-ஆல்ஃபாக்கும் ஹெச்-பீட்டாக்கும் விகிதம் எடுக்கணும்னா இது இல்லாம முடியாது. கட்டுல ஓட்டை இருக்குறதால நட்சத்திரத்தோட மொத்த ஒளியும் சிக்காது, ஆனா நிறத்துக்கு நிறம் விகிதம் சரியா வரும், நமக்கு அதுதான் வேணும்.

கியூப் வரைக்கும்

ஆர்டர் இது: பயஸ், டார்க் (ஒளியே இல்லாம சென்சார் காட்டுற அளவு) கழிக்கணும், ஹாலஜன் படத்துல இருந்து 64 பாதையும் புடிக்கணும், ஒவ்வொரு பாதையிலயும் 18 பிக்சல் அகலத்துக்கு ஒளியக் கூட்டி ஒரு வரியாக்கணும், அலைநீளம் பொருத்தணும், அந்தி வானத்தால வகுக்கணும், வானம் கழிக்கணும், ஸ்டாண்டர்டு நட்சத்திரத்தால நிறம் சரி பண்ணணும், அப்புறம் லேசர் பேனா டேபிள வச்சு ஒவ்வொரு வரியையும் வானத்துல அதோட இடத்துல போடணும். பைத்தான்ல ஆஸ்ட்ரோபை தெரிஞ்ச ரெண்டு பசங்க இருந்தா ஒரு செமஸ்டர் புராஜெக்ட்டாவே எழுதிரலாம். நெபுலாவ தொடுறதுக்கு முன்னாடி அந்தி வானத்தையே முழு ரிடக்ஷனும் ஓட்டிப் பாருங்க, 61 வரியும் ஒரே சூரிய நிறமாலையா, ஒரே உயரத்துல வரணும். வரலன்னா பிழை எங்கன்னு அங்கயே தேடுங்க, ஓரியன்ல போய் தேடுனா அது பிழையா நெபுலாவான்னே தெரியாது.

முதல் இலக்கு ஓரியன் நடுவுல இருக்குற ட்ரப்பீசியம் நட்சத்திரக் கூட்டத்துப் பக்கம். முதல்ல ஒரு நிமிஷம் எடுத்துப் பாத்து கோடு சாச்சுரேட் ஆகலன்னு தெரிஞ்சிக்கிடுங்க, அப்புறம் அரை ஃபைபர் தள்ளி மூணு இடம், ஒவ்வொண்ணும் அஞ்சு நிமிஷம், தள்ளிப் போய் வெறும் வானம் ஒண்ணு. பளிச்சுனு இருக்குற பொருள், இங்க அஞ்சு நிமிஷமே தாராளம். 6716ஐ 6731ஆல வகுத்து மேப் போட்டா நட்சத்திரங்கள் கிட்ட விகிதம் 1க்கு கீழ எறங்கணும், விலகிப் போகப் போக ஏறணும். அது வந்துருச்சுன்னா கருவி வேல செய்யுது, அடுத்து பங்குனியில தெக்கு அடிவானம் மறைக்காத இடமாப் பாத்து கரினாவுக்குத் திருப்புங்க.